ஆறு மணி நேரத்திற்குப் பிறகு

(ஆலய இளையர் தொண்டூழியர் ஒன்றுகூடலில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர்களுக்குத் தொண்டின் பெருமையை எடுத்துச் சொல்லுங்கள் என்று செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். பெருமையைச் சொல்வது எளிது. மேடையில் நிற்கும் எவரும் சொல்லிவிடலாம். கேட்பவர்களும் கைதட்டிவிட்டுச் சாப்பாட்டிற்கு எழுந்துவிடலாம். ஆனால் நான் முப்பத்தாறு ஆண்டுகள் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பணியாற்றியவன். அதில் பல ஆண்டுகள் மாணவர்களின் தொண்டூழிய நேரத்தைக் கணக்கெழுதும் பொறுப்பு என் தலையில் இருந்தது. ஆகவே பெருமையைவிடக் கணக்கைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும். அந்தக் கணக்கில் நான் செய்த ஒரு பிழையையும் இன்று சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். உரையின் ஒரு பகுதி மாணவர்களுக்கு. இன்னொரு பகுதி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு. அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. நம் நாட்டில் செய்தித்தாளிலும் வானொலியிலும் 'தொண்டூழியம்', 'தொண்டூழியர்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினரிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் சற்று விழிப்பார்கள். அங்கே 'தன்னார்வலர்' என்பார்கள். தன் ஆர்வத்தால் வந்தவர் என்பது அதன் பொருள். நம்முடைய சொல்லில் ஆர்வம் என்ற பகுதியே இல்லை என்பதைக் கவனியுங்கள். தொண்டும் இருக்கிறது, ஊழியமும் இருக்கிறது. இரண்டும் வேலையைத்தான் குறிக்கின்றன. ஆர்வத்தோடு வந்தாயா, ஆசிரியர் அனுப்பி வந்தாயா, அம்மா அதட்டி வந்தாயா என்று அந்தச் சொல் கேட்பதில்லை. வந்தாயா, செய்தாயா என்றுதான் கேட்கிறது. "கட்டாயப்படுத்திச் செய்ய வைத்தால் அது எப்படிச் சேவையாகும்?" என்று என்னிடம் வாதாடிய மாணவர்கள் பலர். கெட்டிக்காரப் பிள்ளைகள்! அவர்களுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: தமிழ்நாட்டுச் சொல்லை வைத்துப் பார்த்தால் உன் வாதம் சரி, நம் ஊர்ச் சொல்லை வைத்துப் பார்த்தால், துடைப்பத்தை எடு.

துடைப்பம் என்றதும் 1976 நினைவுக்கு வருகிறது. அப்போது நான் உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டில்தான் 'யூஸ் யுவர் ஹேண்ட்ஸ்' என்ற இயக்கம் பள்ளிகளுக்கு வந்தது. கைகளால் வேலை செய்வது இழிவு என்ற எண்ணம் படித்தவர்களிடம் வேரூன்றிவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். மேசை நாற்காலிகளைத் தூக்கி வெளியில் போட்டுத் தேய்த்தோம். எங்கள் தலைமையாசிரியர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு வாளியோடு வந்து நின்றார். அந்தக் காட்சியை இன்றும் மறக்கவில்லை. நான் ஈரச் சட்டையோடு வீடு திரும்பியதும் என் தாயார் கேட்டது அதைவிட நன்றாக நினைவிருக்கிறது. "வீட்டுல சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொன்னா ஓடுற, பள்ளிக்கூடத்துல போயி மேசை கழுவிட்டு வர்றியா?" என்றார். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பது இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஒரு மாணவி முன்னால் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

1997-இல் கல்வி அமைச்சு சமூக ஈடுபாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆங்கிலத்தில் சி.ஐ.பி. என்று சுருக்கமாக அழைத்தோம். ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்குக் குறைந்தது 6 மணி நேரம் சமூகத்திற்காக ஏதேனும் செய்ய வேண்டும் என்பது விதி. இங்கே இருக்கும் இளம் பெற்றோர்கள் சிலர் அந்தத் திட்டத்தில் வளர்ந்தவர்கள்தான். முகத்தில் சிரிப்பு தெரிகிறது. கொடிநாளன்று உண்டியலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெருவிரைவு ரயில் நிலைய வாசலில் நின்றிருப்பீர்கள். ஒரே வாசலில் எட்டுப் பேர் கூடி நின்றுகொண்டு, வருகிறவர்களைப் பயமுறுத்தி வேறு வாசலுக்கு ஓடவிட்டிருப்பீர்கள். உண்டியலை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிரூட்டப்பட்ட பர்கர் கடையில் நேரத்தைப் போக்கியவர்களும் உண்டு. பெயர் சொல்லமாட்டேன். பழைய செய்தித்தாள் சேகரித்தோம், கிழக்குக் கடற்கரையில் குப்பை பொறுக்கினோம், முதியோர் இல்லங்களில் பாட்டுப் பாடினோம். எல்லாவற்றிற்கும் ஒரு படிவம், அதில் நேரம், கீழே ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்து பெரும்பாலும் என்னுடையது.

இப்போது அந்த மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். உயர்நிலை மூன்றில் படித்தாள். ஆண்டின் கடைசிப் பருவம். எல்லார் கணக்கும் நிறைந்துவிட்டது. அவள் பெயருக்கு எதிரே மட்டும் பூச்சியம். கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "வீட்டுல பாட்டிக்குப் பக்கவாதம் சார். அம்மாவுக்கு ராத்திரி வேலை. பள்ளி முடிஞ்சு நான் போனாத்தான் அம்மா கிளம்ப முடியும். பாட்டியைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, திருப்பிப் படுக்க வைக்கணும் சார்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது வீட்டு வேலைம்மா. சொந்தக் குடும்பத்துக்குச் செய்யறது கணக்குல வராது" என்றேன். விதியும் அப்படித்தான் இருந்தது. அவள் எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. "சரி சார்" என்றாள். அடுத்த சனிக்கிழமையும் அதற்கடுத்த சனிக்கிழமையும் கடற்கரைத் துப்புரவுக்கு வந்தாள். மும்மூன்று மணி நேரம் குப்பை பொறுக்கினாள். அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறு மணி நேரம் நிறைந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். கணக்கு சரியாகிவிட்டது.

சில வாரங்கள் கழித்து அவள் தாயார் பள்ளிக்கு வந்தபோதுதான் மீதிக் கதையைக் கேட்டேன். அந்த இரண்டு சனிக்கிழமைகளிலும் தாயாருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அதே தாழ்வாரத்தில் இரண்டு வீடு தள்ளியிருந்த ஒரு மலாய்க்கார மூதாட்டி. பிள்ளைகள் எல்லாரும் மக்சிக் என்று அழைப்பார்கள். பாட்டிக்குப் பேச்சு குழறும். மக்சிக்கிற்குத் தமிழ் தெரியாது. இருந்தும் பாட்டியின் வாயைத் துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டி, மூன்று மணி நேரமும் கையைப் பிடித்தபடி இருந்திருக்கிறார். அந்த ஆறு மணி நேரம் எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. படிவத்தில் ஏறிய ஆறு மணி நேரத்தில் அந்த மாணவியின் மனம் கடற்கரையில் இல்லவே இல்லை. நான் கையெழுத்திட்ட நூற்றுக்கணக்கான படிவங்களில் அந்த ஒன்றை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

விதியை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் விதிக்குள்ளேயே ஒரு வழி இருந்தது. சொந்தப் பாட்டியைக் கவனித்தால் கணக்கில் வராது. வகுப்புத் தோழியின் பாட்டியைக் கவனித்தால் வரும் அல்லவா? அடுத்த ஆண்டு அவள் வகுப்பில் பேசினேன். இரண்டு பெண்கள் முன்வந்தார்கள். ஒருத்தி தமிழ்ப் பெண், மற்றவள் சீனப் பெண். பெற்றோரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, புதன்கிழமைதோறும் அந்த வீட்டிற்குச் சேர்ந்து போனார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் இவள் நூலகத்திற்குப் போய்ப் படித்தாள். பாட்டியின் ஒரு கைதான் வேலை செய்யும். அந்தக் கையால் சீனப் பெண்ணுக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுத்தாராம். ஒவ்வொரு முறையும் பாட்டிதான் ஜெயித்தார் என்று அந்தப் பெண் என்னிடம் புகார் செய்தாள்.

இதைக் கேட்டு நீங்கள் மகிழ்ந்துவிடக் கூடாது. இது இரண்டு பருவங்கள்தான் நடந்தது. பிறகு தேர்வு வந்தது. தேர்வுக்குப் பிறகு பிள்ளைகள் பிரிந்தார்கள். எனக்கும் வேறு பொறுப்புக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டி எப்போது காலமானார் என்பதுகூட எனக்குத் தெரியாது. தொடங்குவதில் நமக்குள்ள சுறுசுறுப்பு தொடர்வதில் இருப்பதில்லை. இதைக் கடைசியில் பெரியவர்களிடம் பேசும்போது மீண்டும் எடுப்பேன்.

2012-இல் சி.ஐ.பி. போய் 'வேல்யூஸ் இன் ஆக்ஷன்' வந்தது. நற்பண்புகளைச் செயலில் காட்டுவது என்று பொருள். மணிக்கணக்கைவிட, எதற்காகச் செய்கிறோம், யாருக்கு என்ன தேவை, செய்த பிறகு என்ன கற்றோம் என்று மாணவர்களே சிந்தித்துத் திட்டமிட வேண்டும் என்றார்கள். நல்ல மாற்றம். ஆனால் 2014-இல் இணைப்பாட நடவடிக்கைகளை மதிப்பிட 'லீப்ஸ் 2.0' என்ற முறையும் வந்தது. அதில் தொண்டும் ஒரு பகுதி. எல்லாப் பகுதிகளிலும் சேர்த்துச் சிறந்த நிலை பெற்றவருக்குத் தொடக்கக் கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் சேரும்போது இரண்டு புள்ளிகள் சலுகை. அவ்வளவுதான், பெற்றோர்களின் தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிட்டன. "சார், என் மகனுக்கு இன்னும் எத்தனை மணி நேரம் வேணும்?"

இதற்காகப் பெற்றோர்களைக் குறை சொல்லும் பேச்சாளர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். இரண்டு புள்ளியில் கல்லூரி கை நழுவிப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நிலாவைக் காட்டித்தானே நம் தாய்மார்கள் சோறூட்டினார்கள்? பிள்ளை நிலாவைப் பார்த்தாலும் சோறு வயிற்றுக்குள் போய்விடுகிறது. புள்ளியைக் காட்டி ஒரு மாணவனை முதியோர் இல்லத்தின் வாசல்வரை கொண்டுவந்துவிட்டால், உள்ளே நடப்பதை நாம் பார்த்துக்கொள்ளலாம். என் கவலையெல்லாம் உள்ளே நடப்பதைப் பற்றித்தான்.

உள்ளே என்ன நடக்கிறது? ஒரு தாதிமை இல்லத்திற்கு முப்பது மாணவர்களை அழைத்துப் போயிருந்தேன். ஒரு மாதம் பாட்டுப் பயிற்சி. ஆளுக்கொரு அன்பளிப்புப் பை, வண்ணக் காகிதம் சுற்றி, பட்டு நாடா கட்டி. நிகழ்ச்சி முடிந்து, பைகளைக் கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டு புறப்படும்போது தாதி ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்று தொடங்கினார். பைகளில் இருந்தவை கிரீம் பிஸ்கட்டும் மிட்டாயும். அந்த மாடியில் பாதிப் பேர் சர்க்கரை நோயாளிகள்; பலருக்குப் பல்லும் இல்லை. நாங்கள் பேருந்து ஏறியதும் பைகளையெல்லாம் திரும்ப வாங்கி வைப்பது அவர் வேலை. சிலர் கொடுக்க மறுத்து அழுவார்களாம். நாங்கள் கொடுத்துவிட்டு வந்தது அந்த அழுகையைத்தான்.

பெரிய புராணத்தில் காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் வருகிறார். வண்ணார் குலத்தவர். அடியார்களின் துணிகளை வெளுத்துக் கொடுப்பதே அவர் செய்த தொண்டு. தமக்குத் தெரிந்த தொழிலையே தொண்டாகச் செய்தார். அடியார்களின் குறிப்பறிந்து, அவர்கள் வாய்விட்டுக் கேட்பதற்கு முன்பே மனத்திலிருப்பதை உணர்ந்து செய்ததால்தான் அந்தப் பெயர். குறிப்பறிதல் என்பது நாயனாருக்கு இயல்பாக வந்திருக்கலாம். நமக்கெல்லாம் வராது. வராவிட்டால் என்ன செய்ய வேண்டும்? வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

அடுத்த முறை அப்படித்தான் செய்தோம். முதலில் இரண்டே மாணவர்களை அனுப்பினேன், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். பட்டியலைப் பார்த்து எங்களுக்கே வியப்பு. பாட்டு வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒரு பெரியவர் தமிழ் முரசு வாசித்துக் காட்ட வேண்டும் என்றார், அதிலும் மரண அறிவிப்புகளை முதலில். இன்னொருவர் சக்கர நாற்காலியில் கீழே அழைத்துப் போய்ச் சாலையைக் காட்டினால் போதும் என்றார். ஓர் அம்மையார் தம் தலையை வாரிப் பின்னிவிடச் சொன்னார். ஒருவர் எதுவும் வேண்டாம், என்னைத் தூங்க விடுங்கள் என்றார். அதையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். பாராட்டினேன். பட்டு நாடாவுக்கு ஒரு காசு செலவில்லை. ஒரு மாதப் பயிற்சியும் தேவைப்படவில்லை. மரண அறிவிப்பு வாசித்த மாணவனுக்குத் தமிழ் வாசிப்புத் தேர்வில் மதிப்பெண் கூடியதும் உண்மை. தமிழாசிரியனாகிய எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி.

பள்ளிக்குள்ளே செய்யும் தொண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஜனவரி முதல் எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்கள் தினமும் சிறிது நேரம் தங்கள் இடத்தைத் தாங்களே துப்புரவு செய்ய வேண்டும் என்று ஏற்பட்டது. வகுப்பறை, தாழ்வாரம், உணவகம். "துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் கொடுக்கிறார்களே, நாங்கள் ஏன் செய்ய வேண்டும்?" என்று கேட்டார்கள். திருநாவுக்கரசரின் கையில் உழவாரப் படை இருக்கும் சிலையை இங்கேயே பார்க்கலாம். சமணத்தில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலையில் இருந்த பேரறிஞர் அவர். கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்க அந்தக் கருவியை எடுத்தார். ஆனால் அவருக்கு முன்பே திருவதிகையில் விடியலுக்கு முன் எழுந்து வாசலைக் கூட்டி மெழுகியவர் அவருடைய தமக்கை திலகவதியார். தம்பி சூலை நோயோடு திரும்பி வந்தபோது அவர் கையில் துடைப்பம் இருந்தது. அதை நாம் யாரும் அதிகம் பேசுவதில்லை. மாணவர்கள் தினமும் கூட்டத் தொடங்கிய பிறகு எங்கள் பள்ளியில் நான் கண்ட ஒரே மாற்றம், பல ஆண்டுகளாக 'ஆன்டி' என்று மட்டும் அழைக்கப்பட்ட துப்புரவுப் பணியாளரின் பெயரைப் பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள் என்பதே. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்னொரு மாணவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்போது உயர்நிலைப்பள்ளிகளில் வழக்கநிலைப் பிரிவுகள் இருந்தன. 2024 முதல் உயர்நிலை ஒன்றில் சேருவோருக்கு அந்தப் பிரிவினை இல்லை. இவன் வழக்கநிலைத் தொழில்நுட்பப் பிரிவில் படித்தவன். துணைப்பாட வகுப்பு, உதவிப் பணம், ஆலோசகர் சந்திப்பு என்று யாராவது அவனுக்கு எப்போதும் உதவி செய்துகொண்டே இருந்தார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஆள் தேடியபோது இவன் கையைத் தூக்கினான். ஆசிரியர் அறையில் சிலர் தயங்கினார்கள். நானும் தயங்கினேன், மறைக்க விரும்பவில்லை. இவனே தட்டுத் தடுமாறி வாசிப்பவன். பிறகு, சரி போகட்டும் என்று அனுப்பினோம். கெட்டிக்கார மாணவர்கள் பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கினால் உடனே தாங்களே சொல்லிவிடுவார்கள். இவன் சொல்லமாட்டான், காத்திருப்பான். ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அவனிடம் படித்த சிறுவன், அடுத்த வாரமும் அந்த அண்ணனே வர வேண்டும் என்று அடம்பிடித்தான். ஆண்டு முடிவில் எழுதித் தரச் சொன்ன அனுபவக் குறிப்பில் அவன் எழுதியது ஒரே ஒரு வரி. "இதுவரை எல்லாரும் எனக்குத்தான் உதவி செய்தார்கள்." அதற்கு மேல் எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிண்டா 1991-இல் தொடங்கிய காலத்திலிருந்து நம் சமூகம் பின்தங்கிய மாணவர்களுக்கு உதவ நிறையப் பாடுபட்டிருக்கிறது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் உதவி பெறுபவர் பட்டியல் ஒன்று, உதவி செய்பவர் பட்டியல் இன்னொன்று என்று இரண்டாகப் பிரித்து வைத்துவிடுகிறோம். முதல் பட்டியலில் இருக்கும் பிள்ளையை இரண்டாவது பட்டியலிலும் எழுதிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது பெரியவர்களே, உங்களிடம் வருகிறேன்.

என் மாணவன் ஒருவன் தைப்பூசத்திற்குத் தொண்டு செய்யப் போனான். எந்த அமைப்பு அவனை அழைத்தது என்று சொல்லப் போவதில்லை; அது இப்போது முக்கியமும் இல்லை. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை செல்லும் பாதையில் ஒரு தடுப்பருகே அவனை நிறுத்தினார்கள். "தம்பி, இங்கேயே நில்லு. யாரையும் விடாதே." அவ்வளவுதான் சொன்னது. ஐந்து மணி நேரம் நின்றான். ஏன் விடக்கூடாது, வேறு எந்த வழியாக அனுப்ப வேண்டும், யாரைக் கேட்க வேண்டும், எதுவும் அவனுக்குத் தெரியாது. பால்குடத்தோடு வரும் தாயைத் தவறவிட்ட ஒருவர் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினார். தண்ணீர்ப் பந்தல் எதிரிலேயே இருந்தது. இடத்தைவிட்டு நகரக் கூடாது என்றதால் அவன் குடிக்கவில்லை. மறுநாள் என்னிடம், "மணி நேரம் கெடச்சிருச்சு சார்" என்றான். அதற்குப் பிறகு அவன் போகவேயில்லை.

அந்தப் பையனுக்கு வேண்டியிருந்தது என்ன? ஐந்து நிமிட விளக்கம், மாற்றிவிட ஓர் ஆள், ஒரு குவளைத் தண்ணீர். நம்மிடம் இல்லாதது எதுவும் இல்லை. நாற்காலி அடுக்கவும் கயிறு பிடிக்கவும் மட்டுமே இளையரைக் கூப்பிட்டால், அவர்கள் கையைத்தான் கொண்டுவருவார்கள். ஒரு முழு வேலையை அவர்களிடம் விட்டுப் பாருங்கள். அன்னதானத்தில் பரிமாறிக்கொண்டிருந்த உயர்நிலை நான்கு மாணவி ஒருத்தி, கைத்தடியோடு வந்த மூதாட்டிகள் நீண்ட வரிசையில் நிற்க முடியாமல் திரும்பிப் போவதைக் கவனித்தாள். தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்த இடத்திற்கே போனாள். "வரிசைன்னா எல்லாருக்கும் வரிசைதான்" என்று ஒருவர் சத்தம் போட்டார். இன்னொரு பெரியவர் அமைதியாக, "பாப்பா சொல்றதும் சரியாத்தானே இருக்கு" என்றார். அடுத்த ஆண்டு முதியோருக்கென்று தனி மேசை போட்டார்கள். அதன் பொறுப்பையும் அவளிடமே கொடுத்தார்கள். அவள் இன்று வேலை பார்க்கிறாள். அந்த மேசை இருக்கும் நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள்.

தொடர்ச்சியைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகள் கொரோனாவினால் தைப்பூசப் பாதயாத்திரை நடைபெறவில்லை. 2023-இல் மீண்டும் தொடங்கியபோது எங்கள் குழுவில் ஒரு வினோதம் கண்டேன். வேலை தெரிந்த மாணவர்கள் தேசிய சேவைக்கும் பல்கலைக்கழகத்திற்கும் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இடையில் ஆள் இல்லை. இரண்டே ஆண்டுதான், சங்கிலி அறுந்துவிட்டது. ஆகவே உயர்நிலை நான்கு மாணவர் ஒருவரோடு உயர்நிலை இரண்டு மாணவர் ஒருவரை இணைத்து விடுங்கள். பெரியவர் ஒருவர் பின்னால் நின்றால் போதும். இரவு நேர வேலையானால் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் இருக்கட்டும். எந்த வீட்டிற்கும் எந்தப் பிள்ளையையும் தனியே அனுப்ப வேண்டாம். இவை சிறு விஷயங்கள்போல் தோன்றலாம். இவற்றைக் கவனித்தால்தான் பெற்றோர்கள் அடுத்த முறையும் பிள்ளையை நம்பி அனுப்புவார்கள்.

மாணவர்களே, என் நேரம் முடிந்துவிட்டது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மண்டபத்தின் பின்னால் ஒரு மேசை இருக்கிறது. அதில் வரும் ஆறு மாதங்களுக்கான வேலைப் பட்டியல் ஒட்டப்பட்டிருக்கிறது. தமிழ் வாசிப்பு வகுப்பிற்கு நான்கு பேர் வேண்டும். தடுக்கித் தடுக்கி வாசிப்பவர்களும் வரலாம். புதன்கிழமை மாலை முதியோர் வீடுகளுக்குச் செல்ல இரண்டிரண்டு பேராக ஆறு பேர் வேண்டும். பெயர் எழுதுவதற்கு முன் உங்கள் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். வீட்டிலேயே ஒரு பாட்டியோ தாத்தாவோ படுத்திருந்தால், பட்டியலின் கடைசிப் பத்தியில் எழுதுங்கள். நிர்வாகக் குழுவிடம் கேட்டுத்தான் அந்தப் பத்தியைச் சேர்த்திருக்கிறேன். அது நீங்கள் வருவதற்கு அல்ல, உங்கள் வீட்டிற்கு நாங்கள் யாரையாவது அனுப்புவதற்கு.

சாப்பாடு தயாராக இருக்கிறது. இன்று மாணவர்கள் யாரும் எழுந்து போய்ப் பரிமாற வேண்டாம், பந்தியில் உட்காருங்கள். பரிமாறப் போவது நிர்வாகக் குழுவினர். சாம்பார் வாளியை எங்கே வைத்திருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. யாராவது ஒருவர் காட்டிவிட்டு வந்து உட்காருங்கள்.